தரகர் யார் பக்கம்?



தலைநகரில் வீடு தேடி அலைந்த அனுபவம் இல்லாத மத்திய அரசாங்க ஊழியர் மிக அரியர். தென்னாட்டிலிருந்து மாற்றலாகி மூட்டை முடிச்சுகளோடு புதுதில்லி ரயில் நிலையத்தில் வந்து இறங்குபவர் முதலில் நாடுவது நண்பரின் வீட்டை; அடுத்து நாடுவது தரகரின் கடையை. குடியிருப்புக் காலனிகளின் கடைத்தெருவில், மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, 'பிராப்பர்ட்டி டீலர்' என்ற பலகை தவறாமல் தொங்கும். உள்ளே ஒரு மேஜை, நான்கு நாற்காலிகள், சுவரில் காலனியின் வரைபடம், வரிசையாக ஆணிகளில் மாட்டிய சாவிக் கொத்துகள். இந்தச் சாவிகள் யாருடையவை, இவற்றை இவரிடம் ஒப்படைத்தவர் யார், எந்த ஏற்பாட்டின்பேரில் ஒப்படைத்தார் என்று நாம் கேட்பதில்லை. எப்படியாவது ஒரு கதவு திறந்தால் போதும் என்ற அவசரம் நமக்கு.

நாம் கேட்கத் தவறும் அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். வீடு, மனை இவற்றின் கொடுக்கல் வாங்கலில் இடைநின்று உதவுபவர் எவராயினும் அவரைத் தரகர் என்ற ஒரே சொல்லால் அழைத்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு வெவ்வேறு தொழில்கள் அடங்கியிருக்கின்றன. ஒருவரே காலையில் ஒரு தொழிலும் மாலையில் வேறொரு தொழிலும் செய்பவராக இருக்கலாம். அவர் நமக்காகப் பேசுகிறாரா, நம் எதிரே இருப்பவருக்காகப் பேசுகிறாரா, இருவருக்குமாகவா, அல்லது தமக்காகவேயா என்பது தெரியாமல் அவரிடம் மனம் திறந்து பேசுவதனால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன. தரகர் பொய்யர் என்பதனால் நேரும் இழப்பைக் காட்டிலும், அவர் யார் பக்கம் என்று நாம் அறியாததனால் நேரும் இழப்பே அதிகம் என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பு என் தொழில். ஆகவே சொற்களிலிருந்தே தொடங்குகிறேன். ஆங்கிலத்தில் ஏஜெண்டு, புரோக்கர், டீலர் என்று மூன்று சொற்கள் உண்டு. ஏஜெண்டு என்பவர் ஒருவரின் சார்பில் நின்று காரியம் செய்பவர். புரோக்கர் என்பவர் இருவரைச் சேர்த்து வைப்பவர். டீலர் என்பவரோ தாமே வாங்கித் தாமே விற்பவர். தில்லிக் கடைகளின் பலகையில் இருப்பது மூன்றாவது சொல். அவர்களிற் பலர் செய்வது இரண்டாவது வேலை. நாம் அவர்களிடம் எதிர்பார்ப்பதோ முதலாவது வேலை. பேச்சு வழக்கில் வடநாட்டார் இவர்கள் எல்லாரையும் 'தலால்' என்பார்கள். அரபு மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லின் வேர், வழிகாட்டுதல் என்னும் பொருளுடையது. வழி காட்டுபவர் என்பது சரி. யாருடைய வீட்டுக்கு வழி, யாருடைய நலத்துக்கு வழி என்பதைச் சொல் சொல்வதில்லை.

சட்டம் இந்த இடத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பத்தாவது அத்தியாயம் முழுவதும் முகவாண்மையைப் பற்றியது. அதன் 182-ஆவது பிரிவு முகவர் என்பவர் யாரென்று கூறுகையில், அவர் யாருக்காகச் செயலாற்றுகிறாரோ அவரையும் உடன் வைத்தே கூறுகிறது. ஹிந்தியில் இவ்விருவரையும் 'அபிகர்த்தா', 'மாலிக்' என்று பெயர்த்திருக்கிறார்கள். நாம் முகவர், எசமானர் என்று வைத்துக்கொள்ளலாம். எசமானர் இல்லாமல் முகவர் இல்லை என்பது அந்தப் பிரிவின் சாரம். ஆகவே ஒருவர் நம்மிடம் வந்து, "நான் ஏஜெண்டு" என்று சொன்னால், அது பாதி வாக்கியமே. "யாருக்கு?" என்ற மறுபாதியை நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

இவ்வளவு தெளிவாகப் பேசும் நான் அந்த மறுபாதியைக் கேட்கத் தவறியவன். அதனைச் சொன்னால்தான் என் பேச்சுக்கு நியாயம் கிடைக்கும்.

2014-ஆம் ஆண்டில் மேற்குத் தில்லியில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வந்தது. விலை 48 லட்சம் ரூபாய் என்றார்கள். ஊரில் தந்தையார் விட்டுச் சென்ற நிலத்தில் என் பங்கை விற்ற பணம், பத்தாண்டுச் சேமிப்பு, வங்கி தர இசைந்த கடன் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்தால் 46 லட்சத்துக்கு மேல் ஒரு ரூபாயும் தேறாது. வீட்டைக் காட்டிய தரகர் பண்பாளர். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தம் வண்டியிலேயே எங்களை அழைத்துச் சென்றார். தேநீர் வாங்கிக் கொடுத்தார். என் மகனின் படிப்பைப் பற்றி விசாரித்தார். பேச்சுவாக்கில், "உங்களால் எதுவரை இயலும், சொல்லுங்கள் சார், நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார். 46 வரை இயலும் என்று சொல்லிவிட்டேன். நான்கு நாட்களுக்குப் பின், மிகவும் பாடுபட்டுப் பேசி நாற்பத்தைந்தரை லட்சத்துக்கு இசைய வைத்துவிட்டதாகத் தொலைபேசியில் தெரிவித்தார். நானும் என் மனைவியும் அவருக்கு நன்றி கூறினோம். விலையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் 45,500 ரூபாய் தரகும் மனமுவந்து கொடுத்தோம்.

வீட்டை விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். கிரகப்பிரவேசத்துக்கு அவரையும் அழைத்திருந்தோம். சாப்பாட்டுக்குப் பின் ஊஞ்சலில் அமர்ந்தபடி, கள்ளமில்லாத மனத்தோடு அவர் சொன்னார்: "பேட்டா, நான் 42 வந்தாலே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர்தான், பொறுங்கள் பெஹன்ஜி, இந்த மதராஸிக் குடும்பம் 46 வரை வரும் என்று சொல்லி என்னை நிறுத்தி வைத்தார். நல்ல மனிதர்."

நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய மனிதர். நான்கு மாதங்களுக்கு முன்னரே அந்த அம்மையார் அவரிடம் சாவியைக் கொடுத்து, நல்ல விலைக்கு முடித்துத் தாருங்கள் என்று பொறுப்பை ஒப்படைத்திருந்தார். அவர் அந்தப் பொறுப்பைச் செவ்வனே நிறைவேற்றினார். நானோ, அவர் கையில் தரகு கொடுக்கப் போகிறேன் என்பதனாலேயே அவர் என்னைச் சேர்ந்தவர் என்று எண்ணி, எதிராளியின் தூதரிடம் என் பெட்டியின் அடித்தட்டைத் திறந்து காட்டினேன். மூன்றரை லட்சம் ரூபாய் அதன் விலை. அந்தத் தொகைக்கு உரிய வங்கி வட்டியை நான் இன்றும் மாதந்தோறும் கட்டிவருகிறேன்.

காரியாலயத்தில் சட்டம் பயின்ற நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அவரிடமும் தரகு வாங்கியிருக்கிறார், உங்களிடமும் வாங்கியிருக்கிறார். தில்லியில் இது வழக்கம் என்பார். வழக்காடலாம்தான். ஆனால் அவர் உங்கள் முகவர் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. நாள்தோறும் ஒப்பந்தங்களில் முதல் தரப்பினர், இரண்டாம் தரப்பினர் என்று பிரித்துப் பிரித்து மொழிபெயர்ப்பவன், சொந்தக் காரியத்தில் தரப்பைக் கேட்க மறந்தேன். அந்த நண்பரின் கேள்வியே இந்தத் தொழிலின் வகைகளை நான் தேடித் தெரிந்துகொள்ளக் காரணமாயிற்று.

முதலாவது, வாடகைக்கு வீடு காட்டுபவர். இவர் பெரும்பாலும் அறிமுகம் செய்து வைப்பவரே. அரை மாத வாடகையோ ஒரு மாத வாடகையோ இரு தரப்பிலும் பெற்றுக்கொள்வார். ஊருக்கு ஊர் இவ்வழக்கம் வேறுபடும். சாவி வீட்டுக்காரர் கொடுத்தது. நாளைக்கு நாம் காலி செய்தால் மறுபடியும் சாவியைக் கொடுக்கப் போகிறவரும் வீட்டுக்காரரே. ஆகவே அவருடைய மனம் எந்தப் பக்கம் சாயும் என்பது வெளிப்படை. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுவதோடு இவர் வேலை முடிந்துவிடும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதனால்தான் இந்தப் பதினொரு மாதக் கணக்கு வந்தது. இவரிடம் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. முன்பணத்தை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும். பணம் பெற்றுக்கொள்ள வீட்டுக்காரர் இவருக்கு அதிகாரம் அளித்திருந்தாலன்றி, இவர் கையில் கொடுத்தது வீட்டுக்காரர் கையில் கொடுத்ததாகாது.

இரண்டாவது, விற்பவரின் முகவர். நல்ல விலை பெற்றுத் தருவது இவர் கடமை. இவர் நமக்கு எதிரி அல்லர். நேர்மையானவராயின் வீட்டைப் பற்றி நம்மிடம் பொய் சொல்லமாட்டார். ஆனால் நம் இரகசியத்தைக் காப்பது இவர் கடமை அன்று. இவரிடம் வீட்டைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நம்மைப் பற்றி எதையும் சொல்லலாகாது. மாறாக நாம் விற்பவராக இருந்தால் இவரே நம் பாதுகாப்பு. சட்டப் புத்தகம் இதற்கு ஓர் உதாரணம் தருகிறது. ஒருவர் தம் நிலத்தை விற்கும்படி முகவரிடம் ஒப்படைக்கிறார். முகவர் அந்த நிலத்தில் ஒரு சுரங்கம் இருப்பதைக் கண்டுகொள்கிறார். அதை மறைத்து, நானே வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிவிடுகிறார். உண்மை தெரியவந்தால், அந்த விற்பனையை ஏற்கவோ தள்ளவோ நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. 150 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட உதாரணம் இது. நிலத்தடியில் சுரங்கம் இருப்பதற்குப் பதிலாக, அந்த வழியே நெடுஞ்சாலையோ மெட்ரோ ரயிலோ வரப்போகிறது என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கும் அது அப்படியே பொருந்தும்.

மூன்றாவது, வாங்குபவரின் முகவர். நம் நாட்டில் இவர் அரியவர். நமக்காகத் தேடி, நமக்காகப் பேரம் பேசி, நம்மிடம் மட்டுமே ஊதியம் பெறுபவர் இவர். சட்டத்தின் 216-ஆவது பிரிவில் இவருக்கும் ஓர் உதாரணம் உண்டு. குறிப்பிட்ட ஒரு வீட்டைத் தமக்கு வாங்கித் தரும்படி ஒருவர் முகவரிடம் சொல்கிறார். அந்த வீடு கிடைக்காது என்று முகவர் சொல்லிவிட்டு, தமக்கென்று அதை வாங்கிக்கொள்கிறார். ஏமாந்தவர், முகவர் கொடுத்த அதே விலைக்கு அந்த வீட்டைத் தமக்கு விற்கும்படி வற்புறுத்தலாம். இத்தனை வலிமையான பாதுகாப்பு, அவர் நம் முகவர் என்று நாட்டினால்தான் கிடைக்கும். அமெரிக்க நாட்டில் வாங்குபவருக்கென்று தனி முகவர் அமர்வது நெடுநாளைய வழக்கம். அங்கேகூட, ஒரு பெரிய வழக்கின் சமரசத்தை அடுத்து, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், முகவர் வீடு காட்ட அழைத்துச் செல்வதற்கு முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்ற நடைமுறை பரவலாக வந்திருக்கிறது. பழகிய நாட்டிலேயே எழுத்து தேவைப்பட்டதென்றால், நமக்கு அது எவ்வளவு தேவை என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நான்காவது, இரு தரப்புக்கும் பொதுவான தரகர். கல்யாணத் தரகரைப் போன்றவர் இவர். இவர் இருப்பதில் குற்றமில்லை. இருவருக்கும் பொதுவானவர் என்பதை இருவரிடமும் சொல்லிவிட்டால் போதும். உயர்ந்த விலைக்கு ஆசைப்படுபவருக்கும் குறைந்த விலைக்கு ஆசைப்படுபவருக்கும் ஒரே சமயத்தில் ஒருவர் முழு விசுவாசத்தோடு உழைக்க இயலாது. ஆகவே இவரைச் செய்தி கொண்டுபோகும் தூதராக மட்டும் பயன்படுத்த வேண்டும். எதிர்த் தரப்பினரின் முகத்துக்கு நேரே எதைச் சொல்லத் துணிவோமோ, அதை மட்டும் இவரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, கட்டுமான நிறுவனத்துக்காக அடுக்குமாடி வீடுகளை விற்றுத் தருபவர். 'உங்களிடம் ஒரு பைசாவும் தரகு இல்லை' என்பது இவரது முதல் வாக்கியம். அது உண்மைதான். கூலி கொடுப்பவர் வேறொருவர் என்பதே அதன் பொருள். தரகு கொடுத்ததனால் அவர் என் பக்கம் என்று நான் எண்ணியது எவ்வளவு தவறோ, தரகு வாங்காததனால் அவர் நமக்கு உபகாரி என்று எண்ணுவதும் அவ்வளவு தவறு. பத்து நிறுவனங்களின் விளம்பரத் தாள்களைப் பரப்பிவைத்து, இவற்றுள் எது சிறந்தது என்று அவர் ஆலோசனை கூறினால், எந்த நிறுவனம் அவருக்கு அதிகம் தருகிறது என்று கேட்பதில் பிழையில்லை.

ஆறாவது, பலகையில் எழுதியிருப்பதற்கு ஏற்ப நடக்கும் மெய்யான டீலர். இவர் பழைய உடைமையாளரிடமிருந்து பொது அதிகாரப் பத்திரம் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு, முழுப் பணமோ பாதிப் பணமோ கொடுத்துவிட்டு, அதிக விலைக்கு மற்றொருவரிடம் தள்ளிவிடுபவர். தில்லியில் நெடுங்காலம் இப்படிக் கைமாறிய வீடுகள் ஏராளம். அதிகாரப் பத்திரம், விற்பனை உடன்படிக்கை, உயில் ஆகிய மூன்றையும் கட்டிக் கொடுத்து, வீடு உங்களுடையது என்பார்கள். 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இவ்வகைப் பத்திரங்களால் உடைமை மாறுவதில்லை. முறைப்படி எழுதிப் பதிவு செய்த கிரயப் பத்திரத்தாலேயே மாறும் என்று தெளிவாகத் தீர்ப்புரைத்தது. அதிகாரப் பத்திரம் என்பதும் ஒருவகை முகவாண்மையே. பொதுவாக, எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அதுவும் முடிந்துவிடும். ஆகவே வீட்டைக் காட்டுபவரே உள்ளூர விற்பவராகவும் இருக்கிறாரா என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஆறு பேரில் எவரும் செய்யாத ஒரு வேலை உண்டு. வீட்டின் மீது விற்பவருக்கு உள்ள உரிமை குற்றமற்றதா என்று சோதித்துச் சான்று கூறுவது தரகர் வேலை அன்று. தாய்ப் பத்திரம், வில்லங்கம், வரி ரசீது ஆகியவற்றின் நகல்களை அவர் வாங்கித் தரலாம். அவற்றைப் படித்துப் பார்த்துப் பொறுப்பேற்பவர் நம் வழக்கறிஞர். கடன் கொடுக்கும் வங்கியும் பத்திரங்களைப் பார்க்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்வர். வங்கியின் வழக்கறிஞர் வங்கிக்காகப் பார்க்கிறார். இங்கும் கேள்வி அதே கேள்விதான்.

அரசாங்கம் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. அண்டை மாநிலமான ஹரியானா, 2008-ஆம் ஆண்டிலேயே இவ்வகைத் தரகர்களை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமாக 2016-ஆம் ஆண்டில் பாராளுமன்றம் மனைத் தொழில் ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. சுருக்கமாக 'ரெரா' என்று வழங்குவது இதுவே. தரகர்களைப் பற்றிய அதன் பிரிவுகள் 2017 மே முதல் தேதியன்று அமலுக்கு வந்தன. முகவருக்கு அது கூறும் விளக்கத்தை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் வியந்து படித்தேன். தரகர், இடைத்தரகர், டீலர் என எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், எந்தச் சாதனத்தின் வாயிலாக வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்து வைத்துக் கட்டணம் பெற்றாலும், அவர் முகவரே என்கிறது அந்த விளக்கம். கைபேசித் திரை வழியே அறிமுகம் செய்பவரும் இதற்குள் அடங்குவர்.

அந்தச் சட்டப்படி, முகவர் பதிவு பெறாமல், பதிவுக்குரிய திட்டங்களின் மனையையோ குடியிருப்பையோ விற்க உதவலாகாது. தாம் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் தம் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். பதிவு செய்யப்படாத திட்டத்தில் வீடு விற்கக் கூடாது; கணக்குப் புத்தகங்கள் வைத்திருக்க வேண்டும்; தரம் பற்றியோ அனுமதி பற்றியோ பொய் கூறலாகாது; வாங்குபவருக்கு உரிய தகவல்களும் பத்திரங்களும் கிடைக்க உதவ வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், அந்த வீட்டின் விலையில் நூற்றுக்கு ஐந்து வரையில் அபராதம் உண்டு. கட்டுமான நிறுவனமும், எழுத்தில் விற்பனை உடன்படிக்கை செய்து பதிவு செய்யும் முன்னர், விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது.

ஆயினும் இதன் எல்லையையும் அறிந்திருத்தல் நலம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அமைந்த திட்டங்களுக்கும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத திட்டங்களுக்கும் பதிவு கட்டாயமில்லை. மாநில அரசாங்கம் விரும்பினால் இந்த வரம்பைக் குறைக்கலாம். அந்தச் சட்டத்தின் நோக்கு, நிறுவனங்கள் கட்டி விற்கும் வீடுகளைப் பற்றியது. நான் வாங்கியதைப் போன்ற பழைய வீட்டை ஒரு குடும்பம் மற்றொரு குடும்பத்துக்கு விற்கும்போதும், வாடகைக்கு விடும்போதும், நமக்குத் துணை நிற்பது பெரும்பாலும் அந்த 1872-ஆம் ஆண்டுச் சட்டமும் நம் சொந்த விழிப்புமே.

அந்த விழிப்புக்கு நான்கு கேள்விகள் போதும். தரகரின் கடையில் அமர்ந்ததும், வீட்டைப் பார்க்கப் புறப்படுவதற்கு முன், அவற்றைக் கேட்டுவிட வேண்டும். இந்த வீட்டைப் பொறுத்தவரை நீங்கள் யாருக்காகச் செயலாற்றுகிறீர்கள்? உங்களுக்குக் கூலி தருபவர் யார் யார், எவ்வளவு, எப்போது? இந்த வீட்டில் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ ஏதேனும் உரிமையோ பங்கோ உண்டா? பணம் வாங்கவும் வாக்குக் கொடுக்கவும் உடைமையாளர் உங்களுக்கு எழுத்தில் அதிகாரம் அளித்திருக்கிறாரா? இந்த நான்கையும் அவற்றின் விடைகளையும் அரைத்தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால், அதுவே ஓர் ஆவணம். வேறு ஏற்பாடு இல்லாதபோது, ஒப்புக்கொண்ட காரியம் முடிந்த பிறகே முகவருக்கு ஊதியம் கேட்கும் உரிமை பிறக்கிறது என்று சட்டத்தின் 219-ஆவது பிரிவு கூறுகிறது. முன்கூட்டியே பாதித் தரகு கேட்பவரிடம் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லலாம்.

இதுவரை தரகரிடம் எதிர்பார்க்க வேண்டியதைச் சொன்னேன். நம்மிடம் அவர் எதிர்பார்ப்பதையும் சொல்லாவிட்டால் என் பேச்சு ஒருதலைப்பட்சமாகும். தரகர் மூன்று வாரம் வெயிலில் அலைந்து பத்து வீடுகளைக் காட்டிய பின், வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணைத் தெரிந்துகொண்டு, அவருக்குத் தெரியாமல் நேரே பேசி முடித்துக்கொள்ளும் கண்ணியவான்கள் நம்மில் பலர் உண்டு. அதனை அவர்கள் சாமர்த்தியம் என்கிறார்கள். அன்றாடம் உழைத்து அன்றாடம் ஏமாறும் ஒருவர், அடுத்து வருபவரிடம் ஒளிவு மறைவின்றி நடந்துகொள்வார் என்று எப்படி எதிர்பார்ப்பது? யாருடைய ஆள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவர் உழைப்புக்கு உரியதைக் கொடுக்கும் கடமையும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், என் தங்கை மகள் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தாள். அவளுக்கு வீடு தேடிக் கிழக்குத் தில்லியில் ஒரு தரகரின் கடைக்குச் சென்றோம். அறுபது வயதிருக்கும் அவருக்கு. அதே மேஜை, அதே வரைபடம், அதே சாவி ஆணிகள். நான் அமர்ந்ததும் முதல் கேள்வியாக, "ஐயா, நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டேன். தங்கை மகளுக்குச் சங்கடமாகிவிட்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கோபிக்கவில்லை. ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜை மீது வைத்தார். "இந்தச் சாவி வீட்டுக்காரருடையது. நான் அவர் பக்கம். கூலி இரண்டு பக்கமும் வாங்குவேன். ஆகையால் நீங்கள் எவ்வளவு வரை கொடுப்பீர்கள் என்று என்னிடம் சொல்லாதீர்கள். வீட்டில் என்ன குறை என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வேன்" என்றார்.

கேட்டோம். மூன்றாவது மாடி, கோடையில் குழாயில் தண்ணீர் ஏறாது என்றார். வேறு ஆணியிலிருந்து வேறொரு சாவியை எடுத்தார். முதல் மாடியில் இருந்த அந்த வீட்டில்தான் அவள் மூன்றாண்டுகள் குடியிருந்தாள். அவர் கேட்ட தரகை நான் குறைத்துப் பேசவில்லை. கேள்விக்கு நேரான விடை கொடுத்தவருக்கு அதுவே உரிய மரியாதை என்று கருதினேன்.

நேயர்களே, பெரும்பாலோருக்கு வீடு என்பது வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருள். அதை வாங்க நடக்கும்போது நம் அருகே நடந்து வருபவர் எவராயினும், அவர் யாருக்காக நடக்கிறார் என்பதை முதலடி எடுத்து வைக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அதைக் கேட்பது மரியாதைக் குறைவு அன்று. நேர்மையான தரகர் அதை அப்படி எடுத்துக்கொள்வதும் இல்லை.